டேம் வாத்தியார்

கூடலூர் தொடங்கி சின்னமனூர் வரைக்கும் டீக்கடைக்கு ஒரு டேம் வாத்தியார் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் அல்ல. கொஞ்சம் திராட்சைப் பந்தல், இருபோக நெல் வயல், மிச்ச நேரமெல்லாம் முல்லைப் பெரியாறு அணை; கட்டு நிற்பது கேரளாவில், தண்ணீர் வருவது தமிழ்நாட்டுக்கு. பேப்பர் கைக்கு வந்ததும் முதலில் அணை நீர்மட்டம் பார்ப்பார். கண்ணீர் அஞ்சலிகூட அப்புறந்தான்.

விஷயம் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. 1886 ஒப்பந்தம், 999 வருஷக் குத்தகை, 1895-ல் தண்ணீர் திறந்தது, 104 அடிக்குக் கீழே போனால் தேக்கடி சுரங்கத்துக்குள் சொட்டுத் தண்ணீர் ஏறாது என்பது, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். அணையைக் கட்டிய பென்னிகுவிக் படம் வீட்டில் குலசாமிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். யாராவது “அப்படியாண்ணே?” என்று லேசாக இழுத்தால் போதும், வந்தது வினை.

முதலில் குரல் உயரும். அணைக்காவது ஷட்டர் இருக்கிறது. அடுத்து, “ஒங்க அப்பன எனக்குத் தெரியும்டா” என்று வம்சாவளிக்குப் போவார். அதற்கும் ஆள் அசையவில்லையென்றால் கடைசி ஆயுதம்: “நீ யாருக்குடா பேசுற?”

ஒருநாள் மாட்டியது ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் குமுளி மலை ஏறுகிற பையன்.

“அண்ணே, டேமுக்குக் கீழ வண்டிப்பெரியாறுல மழை வலுத்தா ராத்திரி தூங்க மாட்டேங்குறாக. அவுகளுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல?”

“பெரியாத்துத் தண்ணியக் குடிச்சுப்புட்டு அவங்களுக்கு வக்காலத்தா?”

“நீங்க அந்த டேமப் பாத்துருக்கீகளாண்ணே?”

பார்த்ததில்லை. நினைத்தவுடன் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமா அது? அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. வாத்தியாரோ, “பெரியவங்கள எதுத்துப் பேசுறியா?” என்று துண்டை உதறினார்.

பெஞ்சு ஓரத்தில் ரிட்டயர்டான லஸ்கர் ஒருவர். வாய்க்கால் மடை திறந்து அடைத்தே காலம் தள்ளியவர்; யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்ற சண்டையைத் தீர்த்துத் தீர்த்துப் பழகியவர்.

“பயம் இருக்கத்தானப்பா செய்யும்? அதுனாலதான 1979-ல தண்ணி மட்டத்த 136 அடிக்கு எறக்குனது. எதுக்குப் பயப்படுறாகளாம்?”

“பழைய சுண்ணாம்புச் சுர்க்கிக் கட்டுன்னு சொல்றாகண்ணே.”

“வாஸ்தவம், சுர்க்கிதான். ஆனா பெறகு தலையில கான்கிரீட் போட்டாக, உள்ள எஃகுக் கேபிள் எறக்குனாக, பின்னாடி முட்டுக் குடுத்தாக. 2012-ல கோர்ட்டு போட்ட ஆனந்த் கமிட்டியும் கட்டு பலமா இருக்குன்னுதான் சொல்லுச்சு. இதுல எது நம்ப முடியலேன்னு அவுகளக் கேட்டுட்டு வா, பேசுவோம்.”

“கேபிள் போட்டது எனக்கே தெரியாதுண்ணே” என்றான் பையன்.

லஸ்கர் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 142-உம் அவர் கணக்கில் இருக்கிறது. ஒருநாள் பழைய 152-உம் வரும் என்றே நம்புகிறார். பையன் எந்த ஊர்க்காரன், யாருடைய பிள்ளை என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை. எனக்கென்னவோ அணைப் பேச்சுவார்த்தைக்கு அவரை அனுப்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வாத்தியாரை நம்ம பக்கத்துச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் சாயாக்கடையிலும் இதே ஆள் மலையாளத்தில் உட்கார்ந்திருக்கிறார். 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றி குமுளி ரோடு அடைபட்டபோது இரண்டு வாத்தியார்களுக்கும் ஏக மவுசு. கூலி போனது தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்கு.

கம்பம் பக்கம் போனால் வாத்தியாரிடம் அவசியம் பேச்சுக் கொடுங்கள். விவரம் நிறையக் கிடைக்கும், டீக்காசையும் அவரே கொடுத்துவிடுவார். மறுத்துப் பேசுகிற உத்தேசம் இருந்தால் மட்டும், பெஞ்சு ஓரத்தில் லஸ்கர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.