பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

கேள்வி: கலைப்பட ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ‘டெட்சுவோ: தி அயர்ன் மேன்’ என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்தீர்களா? பயந்தீர்களா?

பதில்: பார்த்தேன். பயம் வரவில்லை, தலைவலிதான் வந்தது. ஷின்யா சுகமோட்டோ 1989-ல் கறுப்பு-வெள்ளையில் எடுத்தது. ஒருவன் தன் தொடையைக் கிழித்து இரும்புக் கம்பியைச் செருகுகிறான். புண்ணில் புழு நெளிகிறது. (அந்த ஆளாக நடித்ததும் இயக்குநரேதான். தண்டனையில் தானும் பங்கெடுத்த நேர்மைக்கு ஒரு கும்பிடு!) அடுத்து, ஆபீஸ் போகும் ஓர் அப்பாவி சவரம் செய்யும்போது கன்னத்தில் இரும்பு முள் ஒன்று தட்டுப்படுகிறது. அந்த நொடி என் கையும் தாடைக்குப் போனது உண்மை. படம் முழுக்க இப்படியே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அப்புறம் ஆள் உடம்பெல்லாம் குழாயும் ஒயருமாக முளைத்து, வெண்கலக் கடையில் யானை புகுந்த சத்தத்தோடு ஓடுகிறார், ஓடுகிறார், ஓடிக்கொண்டே இருக்கிறார். வழிவது ரத்தமா, கிரீஸா என்று பட்டிமன்றமே வைக்கலாம். மொத்தம் 67 நிமிடம்தான். நான் ஆறு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில் கம்பி செருகியவனும் இந்த ஆபீஸ்காரரும் ஒட்டிக்கொண்டு ஒரே இரும்புக் குவியலாகி, உலகத்தையே துருப்பிடிக்க வைக்கக் கிளம்புகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் அரை மூட்டைப் பேரீச்சம்பழமாவது தேறும்.