இழு தம்பி, நல்லா இழு

வயரப் புடிச்சே இழு தம்பி. வயரு முனையில, சென்சாரோட மாட்டற கப்ளரு பக்கவாட்டுல சின்னதா ஒரு நாக்கு இருக்கும், அத அமுக்கிக்கினு கப்ளரு ஒடம்பப் புடிச்சிக் கழட்டணும்னு அத செஞ்சவன் நெனச்சிருக்கான். அவன் கெடக்கறான். உனக்குக் கையில வலு இருக்குது, வயரு நீளமா இருக்குது, இழுக்க வேண்டியதுதானே? மாருதி 800-ல கார்புரேட்டர தூக்கிட்டு இன்ஜெக்‌ஷன் வெச்சது 2000 வாக்குல. அன்னியிலேர்ந்து எஞ்சின் சூட்டுல வெந்துக்கினே இருக்கற பிளாஸ்டிக்கு, தொட்டா அப்பளமா நொறுங்கும். நாக்கு டக்குனு ஒடையிற சத்தம் கேட்டதும், "பழைய வண்டின்னா இப்டித்தான்"னு பழிய அது மேலயே போட்டுடு. வண்டிக்கு வாயில்ல.

நாக்கு ஒடஞ்ச கப்ளரு ஒடனே கழண்டு வுழாது. சூட்சுமமே அதுலதான். மாட்டினாப்லயே உக்காந்திருக்கும். லாஸ்பேட்ட ரோட்டுல ஒரு பள்ளத்துல எறங்கி ஏறறப்ப மயிரிழை பின்னால நகரும். டேஷ்போர்டுல எஞ்சின் லைட்டு மஞ்சளா எரியும். நீ கடைக்கு ஓடுவ. கடைக்காரரு ஸ்கேனர மாட்டிப் பாத்துட்டு, "டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சி சார்"ம்பாரு. சார்னு சொன்னாரே, அதுக்காகவே ஒண்ணு வாங்கிடலாம். புதுசு மாட்டினதும் லைட்டு அணையும். நீயும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவ. ஏன் அணைஞ்சிதுன்னு யோசிச்சியா? கழட்டி மாட்டறப்ப பின்னும் பின்னும் ஒரசி அழுக்கு போச்சி, அவ்ளோதான். பழைய சென்சாரயே கழட்டி மாட்டியிருந்தாலும் அணைஞ்சிருக்கும். கொஞ்ச நாள்ல மறுபடி எரியும், மறுபடி ஒண்ணு வாங்கு. கடைக்காரருக்கும் புள்ள குட்டி இருக்குதுல்ல.

அந்த சென்சாரு ரொம்ப சாது தம்பி. உள்ளார சூட்டுக்கேத்தாப்ல மாறுற ஒரு ரெசிஸ்டரு, வேற ஒண்ணுமில்ல. எஞ்சின் தண்ணி சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் கொறையும். 20 டிகிரியில ரெண்டாயிரத்து சொச்சம் ஓம் காட்டறது, 80 டிகிரியில முந்நூறு சொச்சத்துக்கு எறங்கிடும். வண்டியோட கம்ப்யூட்டரு 5 வோல்ட்ட அனுப்பி, அதுல எவ்ளோ நிக்குதுன்னு பாத்து சூட்டக் கணக்குப் போடும். கப்ளரு வுட்டுப் போச்சின்னா 5 வோல்ட்டும் அப்டியே நிக்கும். அத அது என்னான்னு எடுத்துக்கும் தெரியுமா? மைனஸ் 40 டிகிரி! அக்னி நட்சத்திரத்துல, நம்ம ஊரு குயில்தோப்பு நெழல்லயே நாய் மூச்சிரைச்சிக்கினு படுத்திருக்கறப்ப, உன் வண்டி மட்டும் லடாக்குல பனியில நிக்கறதா நெனச்சி பெட்ரோல கூடக்கூட ஊத்தும். சில வண்டி கொஞ்சம் வெவரமானது. இது நடக்கற காரியமான்னு சந்தேகப்பட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு ரேடியேட்டர் ஃபேன நிறுத்தாம சுத்தவுடும். புதுச்சேரி வண்டி கொஞ்சம் கூடக் குடிச்சா என்னா, தமிழ்நாட்ட விட இங்க பெட்ரோல் வெல கம்மிதானேன்னு கேப்ப. கேளு, கேளு.

நம்ம கருவடிக்குப்பத்துக்கு இன்னொரு யோகமும் உண்டு. கடலு வாசப்படியில இல்லன்னாலும் உப்புக் காத்துக்கு நம்ம வூட்டு வழி தெரியும். கப்ளருக்குள்ள தண்ணி போகாம இருக்க ஒரு ரப்பர் வளையம் இருந்துதே, போன தடவ கழட்டினப்ப அது கீழ வுழுந்தத நீ பாக்கல. இப்ப பின்னு மேல பச்சையா களிம்பு பூத்துக் கெடக்குது. 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கொட்டி, தெருவுல நின்ன வண்டியெல்லாம் குளிச்சிதே. அதுக்கப்புறம் எத்தினி பேரு கப்ளரக் கழட்டித் தொடச்சீங்க? சீட்ட மட்டும் வெயில்ல காயப்போட்டீங்க. சீட்டுல நீங்க உக்கார்றீங்க, கப்ளருல யாரு உக்கார்றா?

ஒடஞ்ச நாக்க ஒட்ட ஊரே வைத்தியம் சொல்லும். ஒருத்தன் சொட்டுப் பசைய ஊத்தச் சொல்லுவான். அது உள்ளார வழிஞ்சி பின்னையும் மூடி, கப்ளரையும் சென்சாரையும் ஒரே ஒடம்பாக்கிடும். இன்னொருத்தன் எம்-சீல் பிசைஞ்சி உருண்டையா அப்பிடுவான், பாத்தா காதுகுத்துக்குச் செஞ்ச கொழுக்கட்டைன்னு தோணும். கறுப்பு டேப்ப சுத்தறவன் ஒருத்தன். சூட்டுல பிசின் உருகி அது பாதி வழியில அவுந்து தொங்கும். இவங்களுக்கு நடுவுல, சின்னதா ஒரு கேபிள் டைய குறுக்கால போட்டு இறுக்கிக் கட்டினவன் இருக்கானே, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. நல்ல கப்ளரு கெடைக்கற வரைக்கும் அது தாங்கும்.

சரி, மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத. சொல்றேன். நம்ம ஊரு சித்தானந்தா சாமிய வேண்டிக்கோ, வேணாங்கல. வேண்டிக்கறதுக்கு முன்ன பேட்டரி நெகட்டிவ்வக் கழட்டிடு. போன்ல ஒரு படம் எடுத்துக்கோ, எந்தக் கலரு வயரு எந்தக் குழியிலன்னு. டெம்பரேச்சர் சென்சாருல ரெண்டே வயரு, மாறினாலும் பெருசா பாதகமில்ல. த்ராட்டில் சென்சாருல மூணு வயரு; அதுல ஒண்ணு 5 வோல்ட்டு, மாத்திக் குடுத்தா கம்ப்யூட்டருக்கே ஒல வெச்சிடுவ.

அப்புறம் பின்னைப் பாரு. பின்னு நல்லாருந்து பிளாஸ்டிக்கு மட்டும் ஒடஞ்சிருந்தா வயர வெட்டவே வேணாம். கப்ளரு வாய்ப்பக்கமா மெல்லிசான ஊசிய வுட்டா, பின்ன புடிச்சிக்கினு இருக்கற குட்டிக் கொக்கி தட்டுப்படும். அத லேசா நெம்பு, பின்னு பின்னால வழுக்கிக்கினு வரும். ஒண்ண எடுத்து புதுக் கப்ளருல சொருவிட்டு அடுத்தத எடு. எல்லாத்தையும் ஒண்ணா உருவிப் பரப்பி வெச்சிக்கினு என்னைக் கூப்புடாத, நான் தூங்கற நேரம் அது. டெஸ்டர் கம்பிய பின்னுக்குள்ள குத்திப் பாக்கறதும் வேணாம். வாய் அகண்டு போச்சின்னா அப்புறம் அது எதையும் கவ்வாது.

பின்னும் கெட்டுப் போச்சா? வயரு துண்டோட வர்ற கப்ளரா வாங்கு. இங்க கெடைக்கலன்னா சென்னை புதுப்பேட்டைக்குப் போ. மனுஷன் கடைசியா வந்து சேர நம்ம ஊரு மயானம் இருக்குது, வண்டிக்கு புதுப்பேட்டை. அங்க செத்த வண்டியிலேர்ந்து வெட்டின கப்ளரு கெடைக்கும். வெட்டச் சொல்றப்ப வயர தாராளமா வுட்டு வெட்டச் சொல்லு.

இப்ப வயர எப்டி சேக்கறதுன்னுதானே கேக்கற? சால்டரிங்கும்ப. பளபளன்னு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ஈயம் உருகினதும் கம்பி இழைக்குள்ள ஏறி, தோலுக்கு அடியில ஒரு விரக்கட தூரம் வயர குச்சியா வெறைக்க வெச்சிடும். எஞ்சினு ஆடற ஆட்டத்துல, குச்சி முடிஞ்சி வயரு தொடங்கற அந்த எடத்துல சத்தமில்லாம முறியும். 2020-ல பூட்டின ரோடியர் மில்லுல நான் வயர்மேனா இருந்தவன். நாள் பூரா குலுங்கற மிஷினுக்கு கிரிம்ப் பண்ணிக் குடுத்த எணைப்புதான் நின்னுது. வயரு தடிமனுக்கு சரியான செம்புக் குழாய எடு, இழை ஒண்ணுகூட வெளிய தப்பாம உள்ள வுடு, அதுக்குண்டான டூல்ல ஒரே அமுக்கா அமுக்கு. கட்டிங் பிளேயர்ல நசுக்கறது கிரிம்ப் இல்ல, கொலை. அமுக்கினப்புறம் இழுத்துப் பாரு. உன் இழுக்கற பழக்கத்துக்கு இங்கதான் வேல.

ரெண்டு எணைப்பையும் பக்கத்துல பக்கத்துல வெக்காத, ஒண்ண மேல ஒண்ண கீழ வை; இல்லன்னா அந்த எடம் புடைச்சி, ஒண்ணோட ஒண்ணு ஒரசும். பசை தடவின ஸ்லீவு இருக்குது, சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கும். அத வயரு சேக்கறதுக்கு முன்னாடியே உள்ள கோத்துடு. எல்லாரும் பிரமாதமா சேத்து முடிச்சிட்டு, மேசை மேல சிரிச்சிக்கினு கெடக்கற ஸ்லீவப் பாப்பாங்க. நீயும் பாப்ப.

ஒண்ணே ஒண்ண மட்டும் வேறயா பாரு. புகைக்குழாயில இருக்கற ஆக்ஸிஜன் சென்சாரு. அதுல பல வகை, வெளிக்காத்த வயரு இழைக்குள்ள வழியாத்தான் மூச்சா இழுக்குது. அங்க போயி சால்டரு வெச்சாலோ, கப்ளருல கிரீஸ அப்பினாலோ மூக்கப் பொத்தினாப்ல ஆயிடும்.

செலவு ரொம்பன்னு மூக்கால அழாத. 15 வருஷம் தாண்டின காருக்கு மறுபதிவுக் கட்டணத்த 600 ரூபாயிலேர்ந்து 5000 ஆக்கினாங்களே 2022-ல, அத முணுமுணுக்காம கட்டினவன்தானே நீ. கப்ளரு அதுல வட்டிக்குக் கூடக் காணாது.

எல்லாம் மாட்டி, லைட்டு அணைஞ்சதும் ஈசிஆர்ல சென்னைக்குப் பறக்காத. கோட்டக்குப்பம் வரைக்கும் போ. டீக்கடை ஓரமா நிறுத்து, எஞ்சின ஆஃப் பண்ணாத. பானெட்டத் தூக்கி அந்த வயர லேசா ஆட்டிப் பாரு. எஞ்சின் சத்தம் மாறலன்னா வேல முடிஞ்சிது. பானெட்டு தொறந்த வண்டியப் பாத்தா நாலு பேரு கூடுவாங்க, என்னா பிரச்சனைன்னு கேப்பாங்க. எதையாவது சொல்லு, சென்சாருன்னு மட்டும் சொல்லிடாத. அதுல ஒருத்தரோட மச்சானுக்குக் கண்டிப்பா ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கும்.