இரண்டரை மணி நேரக் கச்சேரி

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபா என்றால் மார்கழி. யாருக்கு எந்த ஸ்லாட் என்பது மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிடும். மதியம் இளையவர்கள், இலவசம். மாலை பிரபலங்கள், டிக்கெட். எந்த விதியின் கீழ் பாடுவது என்று மேடையேறிய பிறகு யாரும் மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை.

டெல்லியிலும் ஒரு சபா உண்டு: ராஜ்ய சபா. 2023 ஜூலையில் மணிப்பூர் வன்முறை பற்றிப் பேச இரு தரப்பும் தயார்தான். விதி 267இன்படி மற்ற அலுவல்களை ஒத்திவைத்துவிட்டுப் பேசுவோம் என்றது எதிர்க்கட்சி. 176இன்படி குறுகிய கால விவாதம் போதும் என்றது அரசு. 176 தருவது அதிகபட்சம் இரண்டரை மணி நேரம். அதாவது கச்சிதமாக ஒரு மாலைக் கச்சேரி. ஸ்ருதி சேர்ப்பதிலேயே நாட்கள் போயின. கடைசியில் மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்துதான், ஆகஸ்ட் 8 முதல் 10 வரை, வாய் திறக்க முடிந்தது.

2021 நவம்பர் 29 வேறு ரகம். வேளாண் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா விவாதமே இல்லாமல் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. வர்ணம் இல்லை, பல்லவி இல்லை. திரை விலகியதும் மங்களம்.

வெளிநடப்பு மட்டும் இரண்டு சபாவுக்கும் பொது. இங்கே தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுகிறவர்கள் நேரே கேண்டீனுக்குப் போகிறார்கள். அங்கே காந்தி சிலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாவம், நாடாளுமன்ற கேண்டீனில் மானியமும் 2021இல் போய்விட்டது.