ஆசிச் செய்திக்குப் பின்னால்தான் வலிப்பு

போதைப்பொருள் சிகிச்சைத் துறையில் வேலை செய்வோருக்கு மாங்குளத்திலிருந்து ஒரு செய்திமடல் போடுவதென்றால், அதில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். முதலில் ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி, அருளுரை. பிறகு ஜூன் 26, சர்வதேசப் போதைப்பொருள் ஒழிப்பு தினத்தில் குத்துவிளக்கேற்றிய படம். மே 31, புகையிலை எதிர்ப்பு தினத்துக்கும் அதே விளக்கு, அதே ஆட்கள். போதையற்ற தேசம் பற்றிய கவிதை ஒன்று கட்டாயம்.

ஏ9 வீதியில் முல்லைத்தீவு வீதி பிரியும் இந்த ஊரில், இரவுக் கடமையில் நிற்கிற தாதிக்கு வேண்டியது வேறு. நாளாந்தம் கசிப்புக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் மனம் குழம்பிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்கவேண்டும். நாலு வரிதான். அது கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் விளம்பரத்துக்குக் கீழே வரும், அதுவும் இடமிருந்தால்.

இதழாசிரியர்மாரே, பக்கங்களை மாற்றிப் போடுங்கோ. பிரமுகர் காத்திருப்பார், வலிப்பு காத்திருக்காது.