பிளம்பர் லைனில் இருக்கிறாரா?

கே: வேலையை விடாமலேயே, எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன், பிளம்பர், சமையல்காரர்களைத் திரட்டி ஓர் இணையதளம் தொடங்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

ப: தாராளமாக. தளம் ரெண்டு வார லீவு நாளில் தயாராகிவிடும். பிளம்பர் போனை எடுக்கத்தான் நாளாகும்! இதே தொழில் செய்யும் ஜஸ்ட் டயல் நிறுவனம் 1996-ல் தொடங்கியபோது போன் போட்டால் நம்பர் சொல்வார்கள், அவ்வளவுதான். இணையதளமெல்லாம் பிறகு வந்தது. 2021-ல் ரிலையன்ஸ் ரீடெய்ல் அதன் பெரும்பங்கை வாங்கியது. அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் காயில் புகைந்தால் மகாமகக் குளத்துப் பக்கம் யார் வருவார் என்பது அவர்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். அதுதான் சரக்கு. மாதம் ஒருமுறை எல்லா நம்பருக்கும் போட்டுப் பாருங்கள். பாதி 'ஸ்விட்ச்டு ஆஃப்', மீதியில் ஒன்று, "அவர் துபாய் போயிட்டாருங்களே!" அப்படிப்பட்ட பெயர்களை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், அலுப்பான வேலை, ஆனால் தொழிலே அதுதான்.

வேலை நியமன உத்தரவில் 'வேறு தொழில் கூடாது' என்ற ஷரத்து இருக்கிறதா பாருங்கள். அரசு ஊழியர் என்றால் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். சம்பளம் வருகிறவரை கட்டணம் வசூலிக்க அவசரப்பட வேண்டாம். தளத்தில் உங்கள் சொந்த நம்பரை மட்டும் போடாதீர்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் ஸ்பீக்கரில் கேட்கும்: "சார், செப்டிக் டேங்க் லாரி எங்க வருது?"