நண்பருக்குத்தான் பிரச்சினை, டாக்டர்

ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் விற்பது என் பிழைப்பு. பிரபோசல் ஃபாரம் நிரப்பும்போது எதிரே இருப்பவரிடம் நான் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "எதையும் மறைக்காதீங்க சார். சுகர் இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க. மறைச்சா நாளைக்கு கிளெய்ம் நிக்காது." இதைத் திருச்சி முழுக்கச் சொல்லித் திரிந்தவன், தன் சொந்த நோய்க்கு வைத்தியம் தேடிய காலத்தில் ஓரிடத்தில்கூட உண்மை பேசவில்லை.

நோய் இதுதான். பகலெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பேன். காலையில் வெறும் காபி, மதியம் "இன்னைக்கு வேணாம்". என் கட்டுப்பாட்டைப் பார்த்து ஆபீசில் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. ராத்திரி வீடு தூங்கியதும் அடுக்களை விளக்கைப் போடாமல், ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில், மீந்த சோறு, பிஸ்கட், பையனின் சத்துமாவு என்று கைக்கு வந்ததையெல்லாம் தின்பேன். வயிறு வலிக்கும். கை நிற்காது. ஊறுகாய்கூட இல்லாமல் வெறுஞ்சோற்றை அள்ளித் தின்றவனை ருசிக்கு அடிமை என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு பிஞ்ச் ஈட்டிங் கோளாறு என்று பெயர். குறுகிய நேரத்தில் அளவு மீறித் தின்பது, நிறுத்த முடியாமல் போவது, வெட்கத்தால் ஒளிந்து சாப்பிடுவது, பிறகு தன்னையே வெறுப்பது. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால் அது நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-ல் வரையறுத்தது. நான் அதற்கு வைத்திருந்த பெயர் "கொஞ்சம் வாய் நீளம்". உண்ணும் கோளாறு என்றால் ஒல்லியான, வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வருவது என்பது என் முடிவு. தொப்பையும் மீசையும் உள்ளவன் அந்தப் பட்டியலில் எப்படி வருவான்?

குட்டு உடைந்தது ஒரு தீபாவளி வாரத்தில். கும்பகோணத்திலிருந்து மாமியார் ஒரு தூக்கு நிறையக் கைமுறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார். ஒரே ராத்திரியில் தூக்கு காலி. விடிவதற்குள் ஸ்ரீரங்கம் போய்க் கடை திறக்கக் காத்திருந்து, கைமுறுக்கு வாங்கி வந்து அதே தூக்கில் அடுக்கி வைத்தேன். மனைவி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்கம்மா ஏழு சுத்து சுத்துவாங்க. இது அஞ்சு சுத்துல நிக்குது."

"காத்துப் பட்டுச் சுருங்கியிருக்கும்" என்றேன். இதற்கு மேல் ஒரு முட்டாள்தனமான பதிலை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "முறுக்கு போனா போகுதுங்க. இதுக்காகக் காலங்காத்தால ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிருக்கீங்களே, அதான் எனக்குப் பயமா இருக்கு. யாராவது டாக்டரைப் பாருங்க."

பார்த்தேன். முதலில் குடும்ப டாக்டர். "வயிறு உப்புசம், கேஸ் டிரபிள்" என்றேன். கேஸுக்கு மாத்திரை கொடுத்தார். என் மனப்பாரத்தைக் கண்டுபிடிக்காமல் போய்விட்டாரே என்று அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் வேறு.

அடுத்தது எடை குறைப்பு நிலையம். ஆறு மாதப் பேக்கேஜ்; காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பவுடர். எடையைச் சொன்னேன், ராத்திரியைச் சொல்லவில்லை. முதல் வாரம் அங்கே நான்தான் முன்மாதிரி மாணவன். பிறகு ஒரு ராத்திரி அந்தப் பவுடரையே பாலில் கரைத்துக் கரைத்து டப்பாவைக் காலி செய்தேன். கட்டிய பணம் திரும்ப வராது என்று ஃபாரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள் என்று ஊருக்குச் சொல்கிறவன் அதைப் படித்திருக்கவில்லை.

மூன்றாவதாக, யாருக்கும் தெரியாமல் நானே என்னைச் சோதித்துப் பார்த்தேன். ஸ்காஃப் என்று ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் இருக்கிறது. 1999-ல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்டது. ஐந்தில் இரண்டுக்கு ஆம் என்றால் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சாப்பிடுவதில் கட்டுப்பாடு போய்விட்டதோ என்று கவலைப்படுகிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் போட்டேன். சாப்பாடு உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா என்ற கேள்வி வந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் சமையல் யார் என்று விசாரிக்கிற ஊரில் இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நியாயம் பேசி, இல்லை போட்டேன். ஒன்றுதான் ஆம். பாஸ்! யாரும் பார்க்காத பரீட்சையிலும் காப்பியடித்தவன் நான்.

கடைசியில் மனநல மருத்துவர். திருச்சியில் டாக்டர் என்றால் தில்லைநகர். அங்கே ஒரு கிளினிக்குக்கு போன் போட்டு, "என் நண்பர் ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தேன். "நண்பரையே பேசச் சொல்லுங்க சார்" என்றது அந்தப் பக்கம். உடனே குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு நண்பராக மாறினேன். பெயர் கேட்டபோது வாயில் வந்தது என் மச்சானின் பெயர்.

அன்று சாயங்காலம் அந்தப் பெயரைச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரடா அது, காது கேட்காத ஆள் என்று நானும் சுற்றிப் பார்த்தேன். டோக்கன் தாண்டிப் போன பிறகுதான் உறைத்தது. எழுந்தால், எதிர் வரிசையில் என் பாலிசிதாரர் ஒருவர். "நீங்க எங்க சார் இங்க?" என்றார். "டாக்டரை ஒரு பாலிசி விஷயமாப் பார்க்கணும்" என்றேன். அவரும் என் கூடவே எழுந்து வந்து, "சாரை உள்ளே விடும்மா, ஒரு நிமிஷ வேலைதான்" என்று நர்ஸிடம் எனக்காகச் சிபாரிசு செய்தார். உள்ளே போய், சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஓய்வூதியத் திட்டம் ஒன்றை விளக்கினேன். டாக்டருக்குப் பிடித்துவிட்டது. வைத்தியத்துக்குப் போனவன் பிரபோசல் ஃபாரத்தோடு வீடு திரும்பினேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வரும், வெளிநோயாளிக் கட்டணம் பெரும்பாலும் கைக்காசுதான் என்பதையும் சேர்த்து எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து யோசித்ததில்லை.

ஒருவழியாகக் கிடைத்தவர் சென்னையில் இருக்கும் ஒரு பெண் உளவியலாளர். வீடியோ காலில் பார்ப்பவர். கழுத்துக்கு மேல் மட்டும் தெரியும்படி செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எடையைக் கேட்பதற்கு முன்னால் வேறு எதையெதையோ கேட்டார். சாப்பிட்டதை வாந்தி எடுப்பதுண்டா, பேதி மாத்திரை போடுவதுண்டா, மயக்கம் வந்ததுண்டா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா. வாந்தி எடுத்து எடுத்து ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்றார். எனக்கு அது இல்லை என்றாலும், ஒரு பொது மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வரச் சொன்னார்.

பிறகு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும்: நேரம், இடம், என்ன சாப்பிட்டேன், அப்போது மனசு எப்படி இருந்தது. ஒரு வாரத்துக்கான கணக்கை அடுத்த அமர்வுக்கு முந்தின ராத்திரி ஒரே மூச்சில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. தினமும் ரெண்டு இட்லி. இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். ஆனா இவருக்கு வைத்தியம் எதுவும் வேண்டியதில்லையே. நீங்க எப்ப வருவீங்க?"

பேனா மாறாத ஃபாரத்தைப் பார்த்து எத்தனை பேரை நான் இதே மாதிரி மடக்கியிருப்பேன்! அன்றுதான் முறுக்குக் கதையைச் சொன்னேன்.

அவர் பதிலுக்கு மினசோட்டா கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது அவர்களுக்கு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. "உங்க ராத்திரியைக் கெடுக்கறது உங்க பகல்தான் சார்" என்றார்.

அவர் எனக்குத் தந்தது, ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறை. வழக்கமாக 20 அமர்வுகள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது, எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரே ஒரு தடவை. காலையில் இட்லி சாப்பிடு என்று சொல்வதற்கா இவ்வளவு ஃபீஸ் என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் அந்த இட்லியைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ராத்திரிகள் மெல்ல அடங்கின. இப்போதும் முழுசாகத் தேறியவன் இல்லை. வாரம் மோசமாகப் போனால் அமர்வைத் தள்ளிப்போட இன்றும் சாக்குத் தேடுவேன். போக வேண்டியதே அந்த வாரத்தில்தான் என்பது தெரிந்தும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ராத்திரி விளக்கைப் போடாமல் அடுக்களைக்குப் போகிறவராக இருக்கலாம். சாப்பிட்டதைக் கக்குகிறவராக, சாப்பிடவே பயப்படுகிறவராக இருக்கலாம். முதல் போனிலேயே இதைக் கேளுங்கள்: இந்தப் பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா? எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்? தேவைப்பட்டால் பொது மருத்துவரோடும் உணவியல் நிபுணரோடும் சேர்ந்து வேலை செய்வீர்களா? மருத்துவ உளவியலாளர் என்று சொல்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். எடுத்த எடுப்பில் எடை குறைப்பு பற்றிப் பேசுகிறவரிடமிருந்து மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள். மயக்கம், படபடப்பு, விடாத வாந்தி, வேகமாக எடை இறங்குவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வெட்கமாக இருந்தால் மச்சான் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நோயை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள்.