எம்டனில் வந்த இளவரசர்

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பிரபுக்கள் யாராவது தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா? (வாசகர், சின்னமனூர்)

பதில்: பார்த்தார், கடலில் நின்றபடி! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் டார்பிடோ அதிகாரியாக இருந்தவர் பிரான்ஸ் யோசெப். ஜெர்மன் பேரரசர் கெய்சரின் ஹோஹென்சொல்லர்ன் குலத்து இளவரசர். வயது 23.

உங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரர் என்றதும் அணை கட்டிய பென்னிகுவிக்தான் நினைவுக்கு வருவார். அவர் 1895இல் மலைக்கு அந்தப் பக்கம் போன தண்ணீரைத் திருப்பி வயலுக்குத் தந்தார். எம்டன்காரர்கள் தண்ணீர் வழியே வந்து தீயைத் தந்தார்கள். நீங்கள் யாருக்குப் பொங்கல் வைக்கிறீர்கள் என்பதில் நியாயம் இருக்கிறது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை முடித்தது. பிழைத்த இளவரசர் மால்டாவில் கைதியானார். பிறகு எம்டன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். என் மரியாதை எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்குத்தான். தோழர்கள் சிந்திய ரத்தத்தைக் காசாக்க மனமில்லாமல், 1923இல் சாகும்வரை அவர் புத்தகமே எழுதவில்லை.